கொள்ளுச் சாறும் ஜப்பானியர் தாஷியும்

கொள்ளு என்ற சொல்லைத் தலைப்பில் கண்டவுடன் பட்டணத்து நேயர்களில் சிலர் முகத்தைச் சுளிக்கக் கூடும். குதிரைக்கும் மாட்டுக்கும் வைக்கிற தானியத்தைப் பற்றி ஒரு வியாசமா என்று கேட்கவும் கூடும். ஆங்கிலேயர் இந்நாட்டில் தம் குதிரைகளுக்கு இதை வாங்கிப் போட்டு, ‘குதிரைப் பயறு’ என்றே இதற்கு ஒரு பெயரும் சூட்டினார்கள். அவர்கள் கப்பலேறி முக்கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. அவர்கள் வைத்த பெயரும், அப்பெயரோடு ஒட்டிய இளப்பமும் மட்டும் இன்னும் கப்பலேறவில்லை. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் குடியானவருக்கோ இந்த வெட்கம் என்றுமே இருந்ததில்லை. திருநெல்வேலிச் சீமையில் காணம் என்றும் இங்கே கொள்ளு என்றும் வழங்கும் இத்தானியம், தென்னாட்டில் சுமார் 4000 ஆண்டுகளாக மனிதர் உண்டு வந்தது. புதிய கற்கால ஊர்களைத் தோண்டிய ஆராய்ச்சியாளர்கள் சாம்பல் நடுவே கண்டெடுத்த கருகிய மணிகளே அதற்குச் சாட்சி.

மேட்டூர் அணை 1934-ஆம் வருஷத்தில் கட்டி முடிந்தது. காவேரித் தண்ணீர் சேலம் ஜில்லாவுக்கு வந்துவிட்டது என்று வெளியூரார் நினைப்பது இயல்பு. ஆனால் அந்தத் தண்ணீரில் பெரும்பகுதி தஞ்சாவூர் வயல்களை நோக்கிப் போவது. மேச்சேரி, ஓமலூர், சங்ககிரி, திருச்செங்கோடு, ராசிபுரம் ஆகிய பக்கங்களில் வானத்தை நம்பிய மேட்டுக்காடுகளே மிகுதி. அக்காடுகளில் புரட்டாசி, ஐப்பசி மழைக்கு விதைத்து, பனி ஈரத்திலேயே விளைந்து, தை மாசியில் வீடு வந்து சேருவது கொள்ளு. உரம் கேட்பதில்லை, பாய்ச்சல் கேட்பதில்லை, தானே மண்ணுக்கு உரமாகவும் ஆகிறது. பழைய சேலம் ஜில்லாவைச் சேர்ந்ததும் இப்போது கிருஷ்ணகிரி ஜில்லாவில் இருப்பதுமான பையூரில், விவசாய ஆராய்ச்சி நிலையத்தார் இதற்கென்றே ‘பையூர் 1’, ‘பையூர் 2’ என்ற ரகங்களைக் கண்டு கொடுத்திருக்கின்றனர்.

இந்தக் கொள்ளை இவ்வூர்ப் பெண்கள் சமைக்கும் விதத்தைச் சற்றுக் கூர்ந்து பார்க்க வேண்டும். முறத்தில் புடைத்து, கல் பொறுக்கி, வெறுஞ் சட்டியில் வாசனை எழும்வரை வறுத்துக் கொள்கிறார்கள். சில வீடுகளில் வறுப்பதற்குப் பதிலாக முதல் நாள் இரவே ஊறப் போடுவதும் உண்டு. பிறகு ஒரு பங்கு கொள்ளுக்கு ஆறு பங்குக்குக் குறையாமல் தண்ணீர் விட்டு, மண்சட்டியில் நிதானமாக வேக வைக்கிறார்கள். மற்றப் பருப்புக்கு இவ்வளவு தண்ணீர் ஒருவரும் வைப்பதில்லை. இங்கே தண்ணீரை மிகுதியாக வைப்பது கைப்பிசகினால் அன்று. தண்ணீர்தான் வேண்டும் என்பதற்காகவே வைக்கிறார்கள். கொள்ளு மலர்ந்து, விரலிடையே நசுங்கும் பதம் வந்ததும் அந்தச் செம்பழுப்பு நீரைத் தனியே வடித்துக் கொள்கிறார்கள். இந்த வடிநீருக்குக் கன்னட நாட்டார் ‘கட்டு’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் அதற்குத் தனிப்பெயர் சூட்டவில்லை. கொள்ளுத் தண்ணீர் என்றாலே போதும்.

இனி ஒரே சட்டிக் கொள்ளிலிருந்து இரண்டு உணவுகள் பிறக்கின்றன. வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், பூண்டு, சீரகம், மிளகாய், கொத்துமல்லி சேர்த்து மத்தினால் கடைந்தால் கொள்ளுக் கடைசல். கேழ்வரகுக் களிக்கும் கம்பஞ் சோற்றுக்கும் இதனினும் ஏற்ற துணை கிடையாது. நெல்லுச் சோறானால் ஒரு கரண்டி நல்லெண்ணெயோ, கிடைத்தால் ராசிபுரத்து நெய்யோ விட்டுப் பிசைந்து கொள்ளலாம். வடித்து வைத்த நீரில் புளி கரைத்து, மிளகும் சீரகமும் பூண்டும் நசுக்கிப் போட்டு, தக்காளியும் பெருங்காயமும் சேர்த்து, கடைசலில் ஒரு கரண்டி எடுத்துக் கலக்கி, நுரை கட்டும்போது இறக்கிக் கடுகும் கறிவேப்பிலையும் தாளித்தால் கொள்ளுச் சாறு. பட்டணத்து மொழியில் கொள்ளு ரஸம். மிளகு தூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. கிழக்கே தெரியும் கொல்லிமலையில் விளைவது வாரச் சந்தைக்கு இறங்கி வருகிறது.

ஜப்பானியர் சமையலுக்கு அஸ்திவாரமாக இருப்பது ‘தாஷி’ என்னும் வடிநீர். ஜப்பான் தேசத்து வடகோடியில் உள்ள ஹொக்கைடோ தீவின் குளிர்ந்த கடலில் ‘கொம்பு’ என்ற அகன்ற கடற்பாசி வளர்கிறது. அதை வெட்டி உலர்த்தி வைத்துக் கொள்வார்கள். உலர்ந்த கொம்பைத் தண்ணீரில் ஊற வைத்து, மெல்லச் சூடேற்றி, கொதி வருவதற்கு முன்பே எடுத்துவிடுவார்கள். அந்நீரில் ‘கத்ஸுஓபுஷி’யைச் சீவிப் போட்டு உடனே வடிகட்டுவார்கள். கத்ஸுஓபுஷி என்பது சூரை மீனை அவித்து, புகையூட்டி, பூசணம் பிடிக்க வைத்து, விறகுக் கட்டைபோல் உலர்த்தியது. தச்சனுடைய இழைப்புளி போன்ற ஒரு கருவியால்தான் அதைச் சீவ வேண்டும். நம்மவருக்கு இது முற்றும் புதிதன்று. மாலத்தீவிலும் மினிக்காய்த் தீவிலும் இதே சூரையை அவித்துப் புகையூட்டி உலர்த்துகிறார்கள். இலங்கைத் தமிழர் அடுக்களையில் இது ‘மாசி’ என்ற பெயரோடு சம்பலிலும் குழம்பிலும் கலக்கிறது. பதினான்காம் நூற்றாண்டில் மாலத்தீவுக்குப் போன இப்னு பதூதா என்ற யாத்ரிகர், அங்கிருந்து இந்தியாவுக்கும் சீனத்துக்கும் இது ஏற்றுமதியானதை எழுதி வைத்திருக்கிறார்.

முதல் தடவை வடித்த தாஷியைத் தெளிந்த சூப்புக்கு வைத்துக் கொண்டு, சக்கையில் மறுபடி தண்ணீர் விட்டு இரண்டாம் தாஷி எடுப்பார்கள். அது காய்கறி வேக வைக்கவும் பயற்றங்கூழ் கரைக்கவும் உதவும். அதன்பின்பும் சக்கையை எறிவதில்லை. பொடியாய் நறுக்கி, உப்பும் காரமுமாய்ச் சமைத்துச் சோற்றுக்குத் தொட்டுக் கொள்வார்கள். சாறு ஒரு பக்கம், கடைசல் ஒரு பக்கம் என்று பிரிக்கும் நம் ஊர்க் கிழவிக்கு இந்த முறையைப் புதிதாகக் கற்பிக்க வேண்டியது ஒன்றும் இல்லை. இன்னொரு விசேஷம்: ஜப்பானில் புத்த ஸந்நியாசிகள் மீன் சேர்ப்பதில்லை. அவர்கள் மடத்துத் தாஷி கொம்பு, உலர்ந்த காளான், சில இடங்களில் சோயாப் பயறு ஆகியவற்றை ஊற வைத்து எடுப்பது. கடலும் கடற்பாசியும் இல்லாத நம் சமவெளியில் பயற்றிலிருந்து சாறு இறக்குவதும், அவர்கள் மடத்தில் பயற்றை ஊற வைப்பதும் ஒரே யுக்தியின் இரண்டு கிளைகள்தாம்.

இவ்வளவு எளிய வடிநீருக்கு ஏன் அத்தனை ருசி என்ற கேள்வியை ஒரு ரஸாயன சாஸ்திரி எடுத்துக் கொண்டார். அவர் பெயர் இகேடா கிகுனாயே. டோக்கியோ சர்வகலாசாலைப் பேராசிரியர். ஜெர்மனியில் படித்துவிட்டு லண்டனில் சில மாதம் தங்கியபோது, பின்னால் ஜப்பானிய இலக்கியத்தில் பெரும்புகழ் பெற்ற நாத்ஸுமே ஸோஸெகியும் அவரும் ஒரே விடுதியில் இருந்தனர். 1908-ஆம் வருஷத்தில் இகேடா, கொம்பிலிருந்து குளுடாமிக் அமிலத்தைப் பிரித்தெடுத்து, ருசிக்குக் காரணம் இதுவே என்று நிரூபித்தார். இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு என்ற நான்கிலும் சேராத அந்தச் சுவைக்கு ‘உமாமி’ என்று பெயரிட்டார். நம்முடைய அறுசுவைக் கணக்கிலும் அதற்கு இடம் இல்லை. 1913-இல் கொடாமா என்ற அவருடைய மாணவர் மீன்கட்டையில் இனோஸினேட் என்ற வேறொரு பொருளைக் கண்டார். 1950-களில் குனினாகா என்பவர், இவ்விரண்டும் கலந்தால் சுவை கூட்டற் கணக்கில் அல்ல, பெருக்கற் கணக்கில் ஏறுகிறது என்று காட்டினார். பாட்டிமார் பல நூற்றாண்டு முன்பே கொம்பையும் மீனையும் ஒரே பாத்திரத்தில் சேர்த்துவிட்டார்கள். சாஸ்திரம் பின்னால் வந்து காரணம் சொல்லிற்று. 2013-இல் ஜப்பானியரின் பாரம்பரிய உணவு முறையை யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்துக் கொண்டது.

கொள்ளுச் சாற்றுக்கும் இதே விளக்கம் பொருந்துமா என்றால், முழுவதும் பொருந்தாது என்றே சொல்ல வேண்டும். பயற்றில் குளுடாமிக் அமிலம் நிறைய உண்டு. ஆனால் அது புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. கொம்பில் இருப்பதுபோல் தனித்து நீரில் இறங்குவது சொற்பம். சாற்றில் அந்தச் சுவையைப் பெரும்பாலும் தருவது பழுத்த தக்காளி. அதுவோ அமெரிக்காவிலிருந்து போர்த்துக்கீசியர் வழியாக நம் நாட்டுக்கு வந்த பண்டம். கொள்ளு தருவது வேறு: வறுத்த மணம், நாவில் நிற்கும் ஒரு கனம், மண்ணை நினைப்பூட்டும் ஒரு துவர்ப்பு. அதன்மேல் புளியும் மிளகும் உப்பும் ஏறுகின்றன. தாஷி அடக்கிப் பேசுவது, கொள்ளுச் சாறு உரக்கப் பேசுவது என்று சொன்னால் தவறாகாது. சென்னையில் இருந்த வெள்ளைக்காரர் நம் மிளகுத் தண்ணீரைக் கண்டு மயங்கி, ஆட்டிறைச்சியும் அரிசியும் கலந்து அதை ‘மல்லிகடானி’ ஆக்கிச் சீமைக்குக் கொண்டு போனார்கள். தண்ணீராய் இருந்தது அவர்கள் கையில் குழம்பாயிற்று. ஜப்பானியரிடம் அது போயிருந்தால் இன்னும் தெளிந்திருக்கும் என்று எண்ணத் தோன்றுகிறது.

ருசி கிடக்கட்டும், சத்து எவ்வளவு? இங்கேதான் நம் குடும்பங்கள் நிதானித்து யோசிக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு ஆகாரங்களின் சத்தை அளந்து அட்டவணை இடும் வேலை நீலகிரிக் குன்னூரில் தொடங்கியது. 1918-இல் ராபர்ட் மக்காரிஸன் அங்கே சிறிய அளவில் தொடங்கிய ஆராய்ச்சியிலிருந்து, 1937-இல் அய்க்ராய்டு தொகுத்த முதல் அட்டவணைப் புஸ்தகம் வெளிவந்தது. ஆராய்ச்சிசாலை 1958-இல் ஹைதராபாத்துக்கு மாறியது. இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற பெயரோடு விளங்குகிறது. அதன் டைரக்டராக 1960-களில் பணியாற்றிய டாக்டர் ஸி. கோபாலன் 1918-இல் நம் சேலத்திலேயே பிறந்தவர். 2019-இல், 100 வயதில் காலமானார். அவரும் அவர் தோழர்களும் வெளியிட்ட அட்டவணைப்படி 100 கிராம் கொள்ளில் புரதம் 22 கிராம், சுண்ணாம்புச் சத்து 287 மில்லிகிராம், இரும்புச் சத்து ஏறக்குறைய 7 மில்லிகிராம். கொழுப்பு அரை கிராம்தான். ‘கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்ற பழமொழிக்கு இந்தக் கடைசி எண் ஓரளவு துணை நிற்கிறது. ஆனால் கொள்ளுத் தண்ணீர் உடம்பைக் கரைத்துவிடும் என்று இந்நாளில் செய்யப்படும் விளம்பரங்களுக்கு அது துணை நிற்காது.

இந்த எண்கள் அனைத்தும் மணிக்கு உரியவை. தண்ணீருக்கு உரியவை அல்ல என்பதை மறக்கலாகாது. வேகும்போது நீரில் இறங்குவன பொட்டாஷியம் போன்ற உப்புக்கள், ‘பி’ வைட்டமின்களில் ஒரு பகுதி, நிறமும் துவர்ப்பும் தரும் பொருள்கள், சிறிதளவு சர்க்கரைகள். அவற்றைச் சாக்கடையில் ஊற்றாமல் சாறாக்கிக் குடிப்பது புத்திசாலித்தனம். அதிலும் தீட்டிய அரிசியைக் கஞ்சி வடித்து உண்ணும் வீடுகளில், வைட்டமின்கள் ஒருமுறை ஆலையிலும் மறுமுறை வடிநீரிலும் போய்விடுகின்றன. கைக்குத்தலரிசிக்காக ஜே. ஸி. குமரப்பா வார்தாவிலிருந்து இடைவிடாமல் வாதாடியதும் இதற்காகவே. ஜப்பானியர் கடற்படையிலும் வெள்ளையரிசி பெரிபெரி நோயைக் கொண்டுவந்தது. தகாகி என்ற வைத்தியர் 1880-களில் மாலுமிகளின் ஆகாரத்தை மாற்றி அதை ஒழித்தார். ஆயினும் புரதமும், இரும்பில் பெரும்பகுதியும், வயிற்றை நிரப்பி உழைக்க வைக்கும் மாவுச் சத்தும் சட்டியின் அடியில் கிடக்கும் கொள்ளிலேயே தங்கிவிடுகின்றன. தாஷியும் அப்படித்தான், அதில் உடலுக்கு வேண்டிய உஷ்ணம் அநேகமாக ஒன்றும் இல்லை. ஜப்பானியர் அதைப் புஷ்டி என்று எண்ணிக் குடிப்பதில்லை. முள்ளங்கியையும் சோயாக் கட்டியையும் மனமொப்பி உண்ணச் செய்யும் வாகனமாகவே கருதுகிறார்கள். வாகனத்தைத் தெய்வமாகக் கொள்ளும் தவறு நம் பக்கத்தில்தான் நடக்கிறது.

பழைய நாளில் வண்டிமாடும் ஏர்மாடும் கட்டிய வீடுகளில் அண்டா நிறையக் கொள்ளு வேகும். தண்ணீர் மனிதருக்கு, மணி மாட்டுக்கு என்ற ஏற்பாடு சகஜமாக இருந்தது என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆந்திர தேசத்தார் விரும்பும் ‘உலவச்சாறு’ம் இவ்வாறு மாட்டுக்கு வெந்த கொள்ளின் நீரைச் சுண்டக் காய்ச்சியதுதான். மாட்டுக்கு வஞ்சனை இல்லை. வீட்டுக்காரருக்குத்தான் சற்று நஷ்டம். இன்று மாட்டின் இடத்தை லாரியும் டிராக்டரும் பிடித்துக் கொண்டன. நாமக்கல் அந்த லாரிகளுக்கே பேர்போன ஊராகிவிட்டது. ஆனால் தண்ணீரில்தான் சத்து என்ற நம்பிக்கை மட்டும் வீட்டை விட்டுப் போகவில்லை. அது இப்போது குழந்தையின் கிண்ணத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

ஆறு மாதம் நிறைந்த சிசுவுக்குத் தாய்ப்பாலோடு வேறு ஆகாரமும் தொடங்க வேண்டும். அப்போது நம் வீடுகளில் கொடுப்பது யாது? பருப்புத் தண்ணீர், ரஸத் தெளிவு, கஞ்சித் தெளிவு. கெட்டியாகக் கொடுத்தால் செரிக்காது என்பது பாட்டியின் அச்சம். அன்பினால் எழுந்த அச்சமே. ஆனால் கணக்குப் பாருங்கள். குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லிலிட்டர் அளவுதான் கொள்ளும். எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லிலிட்டர். அந்தச் சிறிய இடத்தைத் தெளிந்த நீரால் நிரப்பினால் வயிறு நிறைந்துவிடும், பசி அடங்கிவிடும், குழந்தை அழாது, ஆனால் வளராது. கரண்டியைச் சாய்த்தால் வழிந்தோடாத கெட்டியில் குழைத்துக் கொடுக்க வேண்டும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தார் சொல்வதும் இக்காரணத்தால்தான். நம் தேசத்துக் குழந்தைகளின் குறை, புரதம் என்ற ஒன்றின் குறை மட்டும் அன்று. போதிய அளவு உணவே உள்ளே போகாத குறை. தானியமும் பருப்பும் சேர்ந்த சாதாரண உணவையே வயிறார உண்டால் புரதமும் பெரும்பாலும் கிடைத்துவிடும் என்பதை டாக்டர் கோபாலன் தம் ஆராய்ச்சிகளால் எடுத்துக் காட்டினார். அரிசியில் குறையும் லைஸின் பயற்றில் மிகுதி. பயற்றில் குறையும் மெதியோனின் அரிசியில் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்பும். தெளிவை மட்டும் ஊற்றினால் இரண்டின் குறையும் அப்படியே நிற்கும்.

ஆகவே வீட்டில் கொள்ளுச் சாறு வைத்த நாளில், பெரியவர்கள் சாற்றை உண்ணட்டும். குழந்தைக்குக் காரம் சேர்க்காத பருப்பையே நன்றாக மசித்து, சோற்றோடு குழைத்து, ஒரு சொட்டு நெய்யோ எண்ணெயோ விட்டு ஊட்டலாம். எட்டு மாதக் குழந்தைக்குக் கொள்ளு கனம் என்று அஞ்சுவோர் பாசிப்பருப்பைக் கொள்ளலாம். கொள்ளையே கொடுக்க விரும்புவோர் முளை கட்டி, வேக வைத்து, தோல் போகச் சல்லடையில் தேய்த்து எடுக்கலாம்.

வீட்டு ஸ்திரீகளுக்கும் இதில் ஒரு செய்தி உண்டு. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தச் சோகை என்று தெரிய வந்தது. எல்லோருக்கும் பரிமாறிய பிறகு சட்டியில் மிஞ்சிய சாற்றை ஊற்றிக் கொண்டு எழுந்துவிடும் வழக்கம் பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. கடைசல் கணவனுக்கும் பிள்ளைகளுக்கும் தீர்ந்திருக்கும். கொள்ளில் உள்ள இரும்பு ஏராளம்தான். ஆனால் அதிலேயே உள்ள பைடேட் என்ற பொருள் இரும்பை எளிதில் உடம்பில் சேரவிடாது. ஊற வைப்பதும் முளை கட்டுவதும் அந்தத் தடையைக் குறைக்கும். இலையில் பரிமாறிய பின் அரை எலுமிச்சம்பழம் பிழிந்து கொண்டால், அல்லது ஒரு நெல்லிக்காயைக் கடித்துக் கொண்டால், இரும்பு சேருவதற்கு நல்ல துணை. சாப்பிட்ட கையோடு காப்பி குடிப்பது நேர்மாறான வேலையைச் செய்கிறது. காப்பிக்கு ஒரு மணி நேரம் தவணை சொல்லுவது நம்மவருக்கு எளிதன்று என்பதை அறிவேன். இருந்தாலும் சொல்லி வைக்கிறேன்.

சமைப்போருக்கு இரண்டொரு வார்த்தை. கொள்ளைப் பச்சையாக அரைத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் புதிய வழக்கம் நல்லதன்று. பச்சைக் கொள்ளில் புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்கு வெந்தால்தான் அது அழியும். சாற்றைப் பொங்கும் வரை கொதிக்க விட்டால் மணம் ஆவியாய்ப் போய்விடும். நுரை கூடியவுடன் இறக்கிவிட வேண்டும். கொதி வருமுன் கொம்பை எடுத்துவிடும் ஜப்பானியப் பெண் இதை உடனே ஒப்புக் கொள்வாள். பிரஷர் குக்கரில் கொள்ளு சீக்கிரம் வேகும், விறகும் வாயுவும் மிச்சம். தண்ணீரை மட்டும் குறைக்காமல் வைக்க வேண்டும்.

புதுக் கொள்ளு விரைவில் மலரும். இரண்டு வருஷம் மூட்டையில் கிடந்தது எத்தனை ஊறினாலும் கல்லாகவே நிற்கும். ஆதலால் மாசி, பங்குனியில் சந்தைக்கு வரும்போதே ஒரு வருஷத்துக்கு வேண்டியதை வாங்கி, வெயிலில் காய வைத்துக் கொள்வது நலம். தண்ணீரும் கவனிக்கத் தக்கது. நம் சமவெளிக் கிணறுகளில் பல உப்பும் சுண்ணாம்பும் மிகுந்தவை. அந்நீரில் பயறு சரியாக வேகாது. கடினமான நீரில் கொம்பின் சாரமும் இறங்குவதில்லை. கியோத்தோ நகரத்துச் சமையற்காரர் தம் ஊர் மென்னீரைப் பற்றிப் பெருமை பேசுவது அதனால்தான். வீட்டுக் குழாயில் காவேரித் தண்ணீர் வரும் நாளாகப் பார்த்து, அல்லது மழைநீர் பிடித்து வைத்து, கொள்ளை அடுப்பில் ஏற்றுவது நல்லது.